நிறுவைக் கணக்கு மட்டும் போதாது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் மனநிறைவைப் பற்றிப் பேச்செடுத்தால், அது சம்பளத்தில் தொடங்கிச் சம்பளத்திலேயே முடிந்துவிடுகிறது. 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் கிடைப்பதற்குள் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை அறிந்த எவரும் அந்தக் கோரிக்கையைச் சிறிதாக எண்ண மாட்டார். ஆனாலும், கொழுந்து பறிக்கும் பெண்களோடு பேசும்போதெல்லாம், செய்த வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை கூட இல்லை என்ற குறையையும் நான் கேட்கிறேன்.

அவர்களுக்குத் தங்கள் வேலையைப் பற்றிக் கிடைக்கும் ஒரே பதில் தராசு காட்டும் கிலோக் கணக்குதான். நிறை குறைந்தால் வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் ஏச்சும், அரைநாள் சம்பளமாகிய அரைப்பேரும் வந்துசேரும். நிறைந்தால் ஒன்றும் வராது. இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளியவளும், முற்றிய இலையையும் சேர்த்துக் கூடையை நிரப்பியவளும் நிறுவையில் ஒன்றே. தொழிற்சாலையிலோ கொழுந்தைப் பிரித்துப் பார்த்து நல்ல இலை எத்தனை வீதம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த விபரம் தோட்ட முகாமையாளரான துரையிடம் போகிறது. பறித்தவளிடம் திரும்பி வருவதில்லை. தரம் விழுந்த மறுநாள் மட்டும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோருக்கும் பொதுவான வசவாக வருகிறது.

செய்த வேலை எப்படி அமைந்தது என்று தெளிவாக அறிய முடிவது வேலையில் நிறைவு தரும் ஐந்து அடிப்படைத் தன்மைகளுள் ஒன்று என்று ஹாக்மன், ஓல்ட்ஹம் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1970களிலேயே எடுத்துரைத்தார்கள். ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் சொல்லும் எல்லாக் கருத்துரையும் நன்மை செய்வதில்லை என்பதும் உண்மை. குளூகர், டெனிசி இருவரும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் கருத்துரைக்குப் பின் வேலைத்திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கு அதன் பயனும் குறைகிறது என்றார்கள். தாய் வயதுப் பெண்ணை "வாடி, போடி" என்று கொழுந்து பறிக்கும் மலையில் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவது திருத்தம் ஆகாது, அது அவமதிப்பு.

கங்காணியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மேலிருந்து வரும் ஏச்சைத்தான் அவர் கீழே இறக்குகிறார். ஆட்களோடு எப்படிப் பேசுவது என்பதை அவருக்குக் கற்பிக்கும் பொறுப்பு கம்பனிகளுடையது. நேற்றைய இலையின் தரத்தை மலைவாரியாகக் காலைப் பெரட்டில் அறிவிக்கட்டும். நன்றாகப் பறித்தவளைப் பெயர் சொல்லிப் பாராட்டட்டும். குறை இருந்தால் அவளைத் தனியே அழைத்துச் சொல்லட்டும். எந்த மலையில் புல் மண்டிக் கிடக்கிறது, எங்கே கொழுந்து முற்றுமுன் ஆள் போக வேண்டும் என்பதை அவளிடமும் கேட்கட்டும். இவற்றைத் தொடங்குவதற்குச் சம்பளப் பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.