பெட்டி லவெட் எங்கே போயிருந்தார், திரும்பி வருவதற்கு?

அமெரிக்க சோல் பாடகி பெட்டி லவெட்டின் 2005 ஆல்பத்தைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் வரியிலேயே ‘கம்பேக்’ என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு வாரமாக ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்கக் கேட்க அந்தச் சொல்மேல் கோபம்தான் வருகிறது. திரும்பி வந்தார் என்றால் எங்கேயோ போயிருக்க வேண்டுமே? அவர் எங்கேயும் போகவில்லை. டெட்ராய்ட்டின் சின்னச் சின்ன கிளப்புகளில் கிடைத்த சம்பளத்துக்குப் பாடிக்கொண்டேதான் இருந்தார். இசைத்தட்டு கம்பெனிகள்தான் அவரை விட்டுவிட்டுப் போயின.

1946-ல் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் வீட்டுக் கூடத்திலேயே சோளச் சாராயம் விற்றார்கள், அதே கூடத்தில் ஒரு ஜூக்பாக்ஸ், காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டி. சோல் என்பது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் இசை, அதன் பாடகர் என்றாலே சின்ன வயதில் தேவாலயப் பாடல் குழுவில் நின்றவர் என்று நாம் பழகிவிட்டோம். இவர் கதையில் அது கிடையாது. ஊர் ஊராகப் போய் கடவுளைப் பாடிய குழுக்கள்தான் பாடி முடித்ததும் இவர் வீட்டுக்குக் குடிக்க வந்தன! இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் குரல் எனக்குப் பிடிபட்டது. மற்றவர்கள் மேலே பார்த்துப் பாடுவார்கள், இவர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

16 வயதில், 1962-ல், முதல் பாட்டு. அட்லாண்டிக் கம்பெனி வெளியிட்டது, கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. 1965-ல் ‘லெட் மீ டவுன் ஈஸி’. நடுவில் மூன்றே வருடம், ஆனால் இந்தப் பாட்டில் அந்தச் சிறுமியைத் தேடினாலும் கிடைக்க மாட்டாள்.

அப்புறம் 1972. அட்லாண்டிக்கின் கிளையான ஆட்கோவுக்காக அலபாமாவில் ஸ்டூடியோக்களுக்குப் பேர்போன மஸல் ஷோல்ஸுக்குப் போய் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார், பெயர் ‘சைல்ட் ஆஃப் த செவன்டீஸ்’. பத்து வருடம் தனித்தனிப் பாட்டுகளாகப் பாடியவருக்கு முதல் ஆல்பம். எல்லாம் முடிந்து, விளம்பரப் பயணத்துக்கும் ஏற்பாடு ஆகிவிட்ட நேரத்தில் ஒரு போன் வருகிறது, வெளியிடப் போவதில்லை என்று. அவர் ஒயினை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார், நாள்கணக்கில் எழுந்து வரவில்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த மேசைக் காட்சி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. 26 வயதுப் பெண், அமெரிக்காவிலேயே நல்ல வாத்தியக்காரர்களோடு பாடி முடித்துவிட்டு, தன் வீட்டு மேசைக்கு அடியில்.

பிறகு பத்து வருடம் கழித்து மோடவுன் என்ற பெரிய சோல் இசைக் கம்பெனி அவரை எடுத்தது. டெட்ராய்ட்டில் அவர் பாடத் தொடங்கிய காலத்தில் அந்தக் கம்பெனி அதே ஊரில்தான் இருந்தது, அப்போதெல்லாம் எடுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோன பிறகு, 1982-ல், நாஷ்வில்லில் பாட வைத்து ‘டெல் மீ எ லை’ என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். கடைக்கு வந்த அவருடைய முதல் ஆல்பம் அதுதான், வயது 36. அதற்குப் பிறகும் கம்பெனிகளிடமிருந்து நீண்ட மௌனம்.

1972-ல் கிடப்பில் போட்ட அந்த ஆல்பத்தின் ஒலிநாடாக்களை யார் தேடி எடுத்தது தெரியுமா? ழீல் பெத்தார் என்ற பிரெஞ்சு சேகரிப்பாளர். 2000-ல் ‘சுவனீர்ஸ்’ என்று அது வெளியே வந்தபோது பாடியவருக்கு 54 வயது ஆகிவிட்டது. அந்த 28 வருடத்துக்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

இந்தப் பின்னணியோடுதான் 2005 ஆல்பத்தைக் கேட்க வேண்டும். பெயர் ‘ஐவ் காட் மை ஓன் ஹெல் டு ரெய்ஸ்’, நான் கிளப்ப வேண்டிய ரகளை எனக்கே இருக்கிறது என்று அர்த்தம். ஆன்டி கம்பெனி வெளியிட்டது, தயாரிப்பு ஜோ ஹென்ரி. பத்துப் பாட்டு, எல்லாமே பெண்கள் எழுதியவை: டாலி பார்ட்டன், லூசிண்டா வில்லியம்ஸ், ஜோன் ஆர்மட்ரேடிங், ஏமி மான். முதல் பாட்டு ஷினேட் ஓ’கானருடையது, அதில் ஒரு வாத்தியம்கூட இல்லை. டிரம் இல்லை, கிட்டார் இல்லை, வெறும் தொண்டை. வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு இழுப்பது கேட்கிறது, குரல் ஓரிடத்தில் நூல் பிரிவதுபோல் பிரிகிறது, அதை மறைக்க ஒன்றுமே செய்யவில்லை. 59 வயதில் ஒருவர் இப்படி ஆல்பத்தைத் தொடங்குகிறார் என்றால் அந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்கு அடுத்த பாட்டுக்கே போகவில்லை.

ஆல்பத்தின் பெயர் பாடகி ஃபியோனா ஆப்பிள் பதின்வயதில் பாடிய ஒரு பாட்டின் வரி. சின்னப் பெண் பாடும்போது அது சவால். இவர் பாடும்போது நடந்து முடிந்த விஷயம்போல் கேட்கிறது. லூசிண்டாவின் ‘ஜாய்’ பாட்டில் ஒரு பெண் தொலைந்த சந்தோஷத்தை ஊர் ஊராகத் தேடிப் போவாள். லவெட் அந்த ஊர்களை எடுத்துவிட்டு டெட்ராய்ட், மஸல் ஷோல்ஸ் என்று தன் ஊர்களை வைத்துவிட்டார். மஸல் ஷோல்ஸ் என்று அவர் உச்சரிக்கிற இடத்தில் எனக்கு அந்த மேசைதான் கண்ணுக்கு வந்தது.

இவர் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர் இல்லையே, அடுத்தவர் பாட்டைத்தானே பாடுகிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். சரிதான், ஆனால் வேகத்தை மாற்றி, சொல்லை மாற்றி, மூச்சு விடும் இடத்தை மாற்றி அந்தப் பாட்டைத் தன் வீட்டு ஆளாகவே ஆக்கிவிடுகிறாரே. அது எழுதுவதற்கு எந்த விதத்தில் குறைச்சல்? எல்லாம் அப்படி அமைந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2010-ல் பிரிட்டிஷ் ராக் பாட்டுகளை எடுத்துப் பாடிய ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. ஜோ ஹென்ரி இவரைக் ‘கண்டுபிடித்தார்’ என்கிற தோரணை. ஹென்ரி நல்ல தயாரிப்பாளர், குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்தவர், அதை மனதாரப் பாராட்டலாம். ஆனால் 43 வருடமாகப் பாடுகிறவரைக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

2007-ல் மறுபடி மஸல் ஷோல்ஸுக்கே போனார், டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழுவோடு. அந்த ஊர் ஸ்டூடியோக்களின் பழைய பேஸ் கிட்டார்காரர் டேவிட் ஹூட் அதில் வாசித்தார், குழுவை நடத்திய பேட்டர்சன் ஹூட் அவருடைய மகன். ஆல்பத்தின் பெயர் ‘த சீன் ஆஃப் த க்ரைம்’. குற்றம் நடந்த இடம். வேறு எப்படிச் சொல்வார்?

கேட்கப் போகிறவர்கள் முதலில் 1972-ல் பதிவான ‘யுவர் டர்ன் டு க்ரை’ போடுங்கள், அது முடிந்த கையோடு 2005 ஆல்பத்தின் முதல் பாட்டு. நடுவில் வேறு எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.