மாப்பிள்ளை ஏடிவி கவிழ்ந்ததற்கு என் தோட்டம் என்ன செய்யும்?

மாப்பிள்ளை ஓட்டிவந்த ஏடிவி கவிழ்ந்த அந்தக் கல்யாண வீடியோவை நான் மறுபடி பகிரப் போவதில்லை. சிவப்பு ஏடிவி (பைக் மாதிரி ஹேண்டில் பிடித்து ஓட்டும், தடித்த டயர் போட்ட நான்கு சக்கர வண்டி), மண்டப வாசல், கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை, முன் கேரியரில் உட்கார்ந்திருந்த மச்சான், அப்புறம் நடந்தது எல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். பெரிய அடி யாருக்கும் இல்லை என்கிறார்கள், நல்லது. எனக்கு மாப்பிள்ளை மேல்கூடக் கோபம் இல்லை. கீழே வந்த கமெண்டுகள் மேல்தான்.

"இது பணக்காரன் பொம்மை" என்று ஒருவர் எழுதியிருந்தார். இது தோட்டத்து வேலைக்கும் பயன்படுகிற வண்டிதான், தெரியாமல் ஓட்டினால் எதுவும் கவிழும் என்று, என் தென்னந்தோப்புக்கு ஒன்று வாங்க நினைக்கும் நான் ஒரு வரி பதில் போட்டேன். அதற்கு ஒரு தம்பி, "அக்கா, நீங்க போயி தேங்கா பொறுக்குங்க" என்றார். அதற்குக் கீழே சிரிப்பு பொம்மைகள் வரிசையாக. அதில் எனக்குத் தெரிந்த முகங்களும் உண்டு.

சரிங்க தம்பி. தேங்காய் பொறுக்குவதைப் பற்றியே பேசுவோம்.

உரிக்காத காய் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். வெட்டுப் போட்ட அன்று காய் தோப்பு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதைச் சேர்த்துக் களத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரத்துக்கு மரம் 25 அடி, நடுவில் வட்டப்பாத்தி, சொட்டுநீர்க் குழாய், மழை பெய்திருந்தால் சேறு. ஏறவும் பொறுக்கவும் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள். இதற்குத்தான் எனக்கு வண்டி வேண்டும். மண்டபத்துக்குப் போக என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது.

ஏடிவி வாங்க நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை சிசி என்பதுதான். சிசி கேட்காதீர்கள். பின்னால் எதைக் கட்டி இழுக்கப் போகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். வண்டி மேல் இருக்கும் கேரியரை நம்பி வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாதிரி வண்டியிலேயே முன் கேரியர் தாங்குவது சுமார் 40 கிலோ, பின் கேரியர் சுமார் 80 கிலோ. மச்சான் எத்தனை கிலோ இருப்பார் என்று வீடியோ பார்த்தவர்களே சொல்லட்டும். ஆனால் அதே வண்டி கொக்கியில் மாட்டி 500 கிலோவுக்கு மேல் இழுக்கும். ட்ரெய்லரின் சொந்த எடை போனாலும் 300 காய் ஒரு நடையில் வந்துவிடும். இழுவைதான் கணக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது லோ கியர். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். ஏற்காட்டில் சித்தப்பா மகன் காபித் தோட்டம் வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு ஏடிவி இருக்கிறது. அங்கேதான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மூட்டையோடு மேட்டில் ஏறும்போது வேலையாள் ஒருவர் ஹை கியரிலேயே முறுக்கினார். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாசம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ரப்பர் பெல்ட்டில் ஓடுபவை, இன்ஜின் விசை அது வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். சுமையோடு மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் லோவில் போடாவிட்டால் பெல்ட் வழுக்கிச் சூடாகித் தீய்ந்துவிடும். அண்ணன் திட்டவில்லை, "ஃபோர் வீல் எல்லாம் சேத்துக்கு, மேட்டுக்கு லோ கியர் போடோணும்" என்று மட்டும் சொன்னார். இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். முன் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் டிஃப் லாக் நல்லதுதான், ஆனால் அதைப் போட்டால் ஹேண்டில் கனக்கும், அதனால் பவர் ஸ்டீயரிங் இல்லாமல் எடுக்காதே என்றார். ஹோண்டா ரான்ச்சரில் பெல்ட் கிடையாது, கியர்தான் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனேன். எந்த ஷோரூம் என்று கேட்காதீர்கள். கூடவே வீட்டுக்காரர் வந்திருந்தார். அவர் மில் கணக்கு பார்ப்பவர், அவருக்கு வண்டியில் ஆர்வமே கிடையாது. விற்பனையாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. "சாருக்கு எத்தனை சிசி பார்க்கறீங்க?" என்று அவரிடம்தான் கேட்டார். கொக்கியில் எத்தனை கிலோ இழுக்கலாம், பெல்ட் கோயமுத்தூரிலேயே கிடைக்குமா, பின் ஆக்ஸில் ஒரே தண்டா, தனித்தனி சஸ்பென்ஷனா என்று நான் கேட்டேன். "மேடம், கலர் நாலு இருக்குங்க" என்றார்.

ஆக்ஸில் பற்றிக் கேட்டது தேவையில்லாத கேள்வி இல்லைங்க. சமமான தோப்பில் இழுக்க மட்டும் என்றால் பின்னால் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில் விலையும் குறைவு, சுமையோடு ஆடவும் ஆடாது. கல்லும் மேடுபள்ளமுமான வழியில் போவதென்றால் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தால்தான் முதுகு பிழைக்கும். எனக்கு இரண்டும் வேண்டும். அதனால்தான் கேட்டேன்.

"மினி டிராக்டர் வாங்கலாமே" என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. சாதாரண ஏடிவியில் பிடிஓ (உழவுக் கருவியைச் சுழற்ற இன்ஜினிலிருந்து வரும் தண்டு) கிடையாது, ரோட்டாவேட்டர் ஓட்ட முடியாது, உழவு வேண்டுமென்றால் டிராக்டர்தான். மானியமும் டிராக்டர், பவர் டில்லருக்குத்தான் கேட்க முடியும். பெண் விவசாயிக்கு 50 சதவீதம் வரை என்று திட்டத்திலேயே இருக்கிறது. விலையும் போலாரிஸ் மாதிரி ஏடிவியைவிட மினி டிராக்டர்தான் குறைவு. உழவுக்கு வண்டி தேடுபவர் டிராக்டரே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. என் தோப்பில் உழவு வருஷத்துக்கு எப்போதோ, அதற்கு வாடகைக்கு ஆள் வருவார். சுமை தினமும் இருக்கிறது. இழுவைதான் என் கணக்கு என்று மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

"டிவிஎஸ் எக்ஸெல் போதாதா?" என் மாமனார் எக்ஸெல்லிலேயே ஆயுசு முழுக்கக் காய் ஏற்றினார். அவர் இடுப்பைக் கேளுங்கள்.

"கவிழும்." ஆமாம், கவிழும். 1970-இல் ஹோண்டா கொண்டுவந்த மூன்று சக்கர வண்டிகள் அமெரிக்காவில் அப்படிக் கவிழ்ந்துதான் 1988-இல் விற்பனையே நின்றுபோனது. நான்கு சக்கரம் வந்த பிறகும் விபத்து நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து விற்கும் புது வேலை வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் கம்பி இருந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் அங்கே யாரும் விவசாயியைப் பார்த்து இது உனக்குப் பொம்மை என்று சொல்லவில்லை, கம்பி போடச் சொன்னார்கள். ஒற்றை சீட் வண்டியில் ஒருவர்தான் உட்கார வேண்டும், தலையில் ஹெல்மெட் வேண்டும், வரப்பில் குறுக்காக ஏறக் கூடாது. மச்சானை கேரியரில் ஏற்றிவிட்டு வண்டியைக் குறை சொன்னால் எப்படி?

ரோட்டில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண ஏடிவியை இங்கே பதிவு செய்ய முடியாது, சொந்த நிலத்துக்குள்தான். போலாரிஸ் 570-ஐ டிராக்டராக அனுமதி வாங்கி விற்றதால் அதைப் பதிவு செய்யலாம். களத்துக்கும் தோப்புக்கும் நடுவில் தார் ரோடு இருப்பவர்கள் காகிதம் பார்த்து வாங்குங்கள்.

காட்டை நாசம் செய்வீர்கள் என்று ஒருவர். ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் வண்டியோடு உள்ளே போவது குற்றம், போகிறவனைப் பிடித்து உள்ளே வைக்கட்டும். எனக்கு இட்டேரி போதும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆள் நடமாட்டமே இருக்காது.

ஆமாம், ஓட்டவும் எனக்கு ஆசைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்? இவ்வளவு நேரம் சுமை, இழுவை, காய் என்று கணக்குச் சொன்னேனே, எதற்கு? ஒரு பெண் வண்டி வாங்க வேண்டுமென்றால் வேலைக்குத்தான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. என் கொழுந்தனார் 20 லட்சத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் கார் வாங்கினார். அந்த லீவரை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கும் அவிநாசி ரோட்டுக்கும்தான் போகிறது. அதைப் பொம்மை என்று யாரும் சொல்லவில்லை, கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினோம், நானும்தான் ஆரத்தி எடுத்தேன். அதே மனிதர்தான் "தேங்கா பொறுக்குங்க" கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையோடு. மாமியார்கூட ஒரு கைகூப்பு போட்டிருக்கிறார், என்ன அர்த்தமோ.

அந்தக் குரூப்பில் இருக்கிற எல்லோர் வீட்டுக்கும் சட்னிக்குத் தேங்காய் என் தோப்பிலிருந்துதான் போகிறது. பொறுக்கித்தான் அனுப்புகிறேன். வெள்ளை ஈ வந்து ஓலை கருத்தபோதும், வாடல் நோய்க்கு மரம் வெட்டியபோதும் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வண்டி வாங்குகிறேன் என்றதும் ஊருக்கே அக்கறை வந்துவிட்டது.

இனி கமெண்டில் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். நல்ல நிலையில் இருக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஏடிவி விற்பதாக இருந்தால் மட்டும் இன்பாக்ஸ் வாருங்கள். லோ கியர், பவர் ஸ்டீயரிங், பின் கொக்கி வேண்டும். பெல்ட் எப்போது மாற்றியது என்று சொல்லுங்கள். பார்க்க நானே வருவேன், சாரைக் கூட்டிவரச் சொல்லாதீர்கள்.