வாழ்நாள் வாரண்டி என்றால் யாருடைய வாழ்நாள்?

சைக்கிளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே, பின் சஸ்பென்ஷன் ஆடும் மூட்டான பிவட்டின் பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு தலைமுடி. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன், மாட்டியது. முடியல்ல, விரிசல். அந்த நொடியே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது.

கார்பன் ஃபைபர் அடுக்குகளால் ஆன ஃப்ரேம் வைத்திருக்கும் எல்லோரும் முதலில் தேடும் ஆறுதல், "பெயிண்ட்தான் வெடித்திருக்கும்". அப்படியும் இருக்கலாம். நானும் ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் கணீரென்றும், உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் மொத்தென்றும் கேட்கும் என்பார்கள். நேரான டியூபில் இந்த வித்தை ஓரளவு உதவும். பிவட் பக்கம் கார்பனின் தடிமன் விரலுக்கு விரல் மாறுகிறது, தட்டுகிற இடமெல்லாம் வேறு வேறு சத்தம், கடைசியில் குழப்பம்தான் மிச்சம். சந்தேகம் தீரும்வரை ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். கார்பன் இரும்பு மாதிரி முதலில் வளைந்து எச்சரிக்கை கொடுக்கிற ஜாதி இல்லை.

சரி, வாரண்டிக்கு வருவோம். "வாழ்நாள் வாரண்டி" என்று வாங்கும்போது சொன்ன வார்த்தையை நம்பி, அதன் விதிகளை விரிசல் விட்ட பிறகுதான் முழுதாகப் படித்தேன் (நீங்களும் அப்படித்தான், பொய் சொல்லாதீர்கள்). முதல் உரிமையாளருக்கு மட்டும், பில் வேண்டும், சீரியல் எண் வேண்டும், பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் மட்டும். விபத்து, மோதல், அளவுக்கு மீறி முறுக்கிய போல்ட், சாதாரணத் தேய்மானம் எதுவும் சேராது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்குப் பல நிறுவனங்களில் அந்த வாழ்நாள் வாங்கிய அன்றே முடிந்துவிடுகிறது.

எனக்கு உறுத்துவது அந்த "மோதல்" என்ற சொல். ஒரு மவுண்டன் சைக்கிளின் மொத்தப் பிழைப்பையும் அதற்குள் அடக்கிவிடலாம். கல் தெறிக்கும், வேரில் இடிக்கும், குதித்து இறங்கும், அதற்குத்தானே அதைச் செய்தார்கள்? என்ன விரிசல் வந்தாலும் "மோதலால் ஏற்பட்டது" என்று ஒரு வரியில் எழுதிக் கதையை முடிக்க முடியும் என்றால், அது வாரண்டியா, கருணையா?

படங்களோடு வாரண்டி கேட்டு அனுப்பியபோது எனக்கு வந்த முதல் பதிலும் அந்த ஒரு வரிதான். மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய ஒரு வரி.

நான் திட்டி எழுதவில்லை. எந்தப் படத்தில், எந்த இடத்தில் அடிபட்ட தடம் தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். அப்புறம் கிராங்க் (பெடல் மாட்டும் கை), சஸ்பென்ஷன் லிங்க் எல்லாவற்றையும் கழற்றி, பேரிங்கையும் வெளியே எடுத்து, டார்ச் அடித்துப் படம் எடுத்தேன். பேரிங் உட்காரும் குழியின் உள்விளிம்பில் விரிசல் அகலமாக இருந்தது, வெளியே வர வர மெலிந்து, பெயிண்டில் முடியளவுக்குத் தேய்ந்திருந்தது. சுற்றிலும் ஒரு நசுங்கலோ சிராய்ப்போ கிடையாது. அதாவது உள்ளே தொடங்கி வெளியே வந்திருக்கிறது. போன வருடம் ஒரு முறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்ததையும், பிரேக் லீவர் உரசியதையும் சேர்த்தே எழுதினேன். "அதையெல்லாம் எதற்கு உளறுகிறாய்" என்று நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் "சும்மாதான் ஓட்டிட்டு இருந்தேன், படக்குன்னு உடைஞ்சிடுச்சு" என்ற வசனத்தைக் கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள். விழுந்ததை மறைத்திருந்தால், உரசிய லீவரைப் பார்த்ததும் மீதிக் கதையையும் நம்பமாட்டார்கள்.

இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். முதல் தடவை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, இரண்டாம் தடவை பார்க்க வேண்டியதாகிவிட்டது என்பதுதான் என் கணிப்பு. மறுப்பதாக இருந்தால் காரணத்தைப் படத்தோடு காட்ட வேண்டும், இதைக்கூடக் கேட்கக் கூடாதா?

இடையில் ரிப்பேர் யோசனையும் வந்தது. பழுதான இடத்தைச் சரிவாகத் தேய்த்து, புது கார்பன் அடுக்குகளை எபாக்ஸி பசையோடு ஒட்டி, அழுத்தத்தில் இறுகவைக்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் டியூபில் நன்றாகவே நிற்கிறது. பேரிங் குழியில் மயிரிழை பிசகினாலும் பிவட் கோணிவிடும். அதோடு, வெளியே ரிப்பேர் செய்த ஃப்ரேமுக்கு நிறுவனம் பொதுவாகக் கைகழுவிவிடும். அதனால் முதலில் வாரண்டி கேளுங்கள், ரிப்பேர் அப்புறம்.

புது ஃப்ரேம் வந்ததும் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தால் இல்லை. என் மாடலை நிறுத்திவிட்டார்களாம். பழையதில் பின் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலம் 142 மில்லிமீட்டர், புதியதில் 148. பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக்கின் நீளமும் வேறு. பின் சக்கரமும் ஷாக்கும் என் செலவு, மாட்டுகிற கூலியும் என் செலவு. ஃப்ரேம் மட்டும் இலவசம்.

பழைய ஃப்ரேமை அறுத்துப் படம் அனுப்பச் சொன்னார்கள், யாரும் திரும்ப விற்றுவிடக் கூடாது என்று. நியாயம்தான். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே வாளால் அறுத்தேன். வேண்டுமென்றே விரிசல் வழியாகவே அறுத்தேன். வெட்டு முகத்தைத் துடைத்துப் பார்த்தால், ஒழுங்காகப் படிந்திருக்க வேண்டிய அடுக்குகளில் ஒன்று இஸ்திரி போடாத வேட்டி மாதிரி மடிந்து கிடந்தது, மடிப்பின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டை. சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 4210 தரச் சோதனையில் மாதிரி ஃப்ரேமை ஒரு லட்சம் தடவை மிதித்துப் பார்க்கிறார்கள். அந்த மாதிரியில் இந்த மடிப்பு இருந்திருக்காது.

கேட்டது அறுத்த ஃப்ரேமின் ஒரே ஒரு படம். நான் மடிப்பைக் கிட்டத்தில் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினேன். "நன்றி, கோரிக்கை முடிக்கப்பட்டது" என்று பதில் வந்தது.