திரும்பி வரும் நேரத்தையும் சொல்லுங்கள்

டெல்லி - டோக்கியோ விமானப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரை, தூரம் சுமார் 5,850 கிலோமீட்டர், ஏழரை மணி நேரப் பயணம் என்று முடித்துவிட்டது. அது போகும் கணக்கு மட்டுமே. ஜப்பானுக்கு மேலே, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். போகும்போது தள்ளிவிடும் அதே காற்று வரும்போது முகத்தில் அடிக்கும். பயணம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிடும். டிக்கெட்டைப் பார்த்தால் இது தெரியாது. டோக்கியோவில் புறப்படுவது பகல் 12 மணி, டெல்லியில் இறங்குவது மாலை 6 மணி என்று அந்தந்த ஊர் நேரத்தில் இருந்தால் ஆறு மணி நேரம் என்றே தோன்றும். ஆனால் ஜப்பானின் கடிகாரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உண்மையில் ஒன்பதரை மணி நேரம்! வயதான பெற்றோரை அழைத்து வருபவர்கள் மருந்து வேளையை இதை வைத்தே திட்டமிட வேண்டும். தயவுசெய்து கட்டுரையில் இதையும் சேருங்கள்.