உங்க கட்சி ஆளும்போதும் வாங்க தம்பி

“ஏதாவது ஒரு கட்சியில சேந்துருங்க அண்ணாச்சி. ஒத்தையில மனு எழுதிக்கிட்டு இருந்தா என்ன ஆவப்போவுது?” பக்கத்துத் தெருத் தம்பி போன வாரம் டீக்கடையில் கேட்டார். ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். அக்கறையோடுதான் கேட்டார். நாலு பேர் மத்தியில் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெரு சிமெண்டு ரோடு கதை ஊரில் பலருக்குத் தெரியும். ஒரு ஐப்பசி மழை தாண்டவில்லை, நடுவில் கீறிவிட்டது. வேலையை அளந்து அதிகாரிகள் எழுதி வைக்கும் எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். 30 நாளில் வர வேண்டிய பதில், மேல்முறையீடு போட்டு ஐந்தாவது மாதம் வந்தது. கனம் 15 சென்டிமீட்டர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். தெரு முக்கில் குடிதண்ணீர்க் குழாய்க்காக உடைத்திருந்த பள்ளத்தில் எங்கள் கொத்தனார் அண்ணன் இறங்கி டேப்பை வைத்தார். ஒன்பது. நாலடி தள்ளி வைத்தார். எட்டரை. உடைந்த விளிம்பைப் பெருவிரலால் தேய்த்தார், பொலபொலவென்று உதிர்ந்தது. “இதுல சிமெண்டு எங்க இருக்கு?” என்றார்.

மறுநாளே தூது வந்தது. காண்டிராக்டர் வரவில்லை, என் சித்தப்பா வந்தார். “அவன் நமக்கு ஒரு வகையில சொந்தம்லா, விட்ருடே.” ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் மேலே சிமெண்டுப் பால் ஊற்றிச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் நகலைக் கேட்டார். “குடுங்க அண்ணாச்சி, எலெக்‌ஷன் சமயத்துல எடுத்து விடுவோம்.” இந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் வலித்தது. தேர்தல் வரைக்கும் அந்த ரோடு உடைந்தே கிடந்தால்தான் அவருக்கு நல்லது.

அந்த நகலைக் கேட்கும் உரிமையை எந்தக் கட்சியும் தானாக முன்வந்து தரவில்லை. நாட்டிலேயே முதல் தகவல் உரிமைச் சட்டம் 1997-ல் நம் தமிழ்நாட்டில்தான் வந்தது. ஆனால் கேட்டால் இல்லை என்று சொல்ல அதில் ஏகப்பட்ட விதிவிலக்கு. நாடு முழுக்க 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது ராஜஸ்தானில் கூலி வேலை பார்த்த கிராமத்து ஜனங்கள். 1994 டிசம்பரில் ஊரைக் கூட்டி வைத்துப் பஞ்சாயத்து வேலைக் கணக்கை உரக்கப் படித்தார்கள். 1996-ல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள்.

கட்சிகள் என்ன செய்தன? வேட்பாளர் தன் மேலுள்ள வழக்குகளையும் சொத்தையும் வெளியே சொல்ல வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், எல்லாரும் கூடிப் பேசிச் சட்டத்தைத் திருத்தி அதை நீர்த்துப்போக வைத்தார்கள். மறு வருஷம் நீதிமன்றம்தான் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2013-ல் மத்தியத் தகவல் ஆணையம் சொன்னதை எந்தக் கட்சியும் ஏற்று நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் எதிரெதிரே உட்காருகிறவர்கள் இந்த இரண்டு விஷயத்திலும் ஒரே பக்கம் நின்றார்கள்.

இதனால்தான் நான் சேரவில்லை. ஆனாலும் கட்சியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2011-ல் அன்னா ஹசாரே டெல்லியில் உண்ணாவிரதம் இருந்தபோது பாளையங்கோட்டையில் நானும் மெழுகுவத்தி ஏந்தி நின்றேன். மேலிடத்து ஊழலை விசாரிக்க லோக்பால் என்ற அமைப்பு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2013 டிசம்பரில் லோக்பால் சட்டம் நிறைவேறியது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலி காலி. என்னை மாதிரி நின்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டோம். விடாமல் கேட்க ஊர்தோறும் கிளையும் ஆளும் உள்ள அமைப்பு வேண்டும். அது கட்சிகளிடம்தான் இருக்கிறது.

அப்படி விடாமல் கேட்ட ஒரு கட்சிக்காரரை நம் ஆறு பார்த்திருக்கிறது. எங்கள் பக்கம் தாமிரபரணிக்குள் இருந்த உறைகிணறு மண்ணுக்குள் புதைந்து கிடக்க வேண்டியது. ஒரு காலத்தில் மணலை அள்ளி அள்ளி, உறை மூன்று வெளியே தெரிய, சாய்ந்து நின்றது. ஆட்சி மாறினாலும் லாரிகள் நிற்கவில்லை. எண்பது வயதைத் தாண்டிய நல்லகண்ணு ஐயா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டுத் தானே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் ஐந்து வருஷத்துக்கு மணல் அள்ளத் தடை வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், ஒரு கட்சியின் மூத்த தலைவர், ஆற்றுக்காகச் சாதாரண மனுதாரராகப் போய் நின்றார்.

2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் நடந்ததையும் மறக்க முடியாது. மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவர் அலுவலகத்துக்குள்ளேயே வைத்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வருஷம் செப்டம்பரிலேயே இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அவர் புகார் கொடுத்த அன்றைக்கு அந்தப் பகுதியில் கொடிக்கம்பம் நட்டிருக்கும் அத்தனை கட்சிக்காரர்களும் அவரோடு போய் நின்றிருந்தால் வெட்டத் துணிந்திருப்பார்களா? இதை யோசித்து நான் தூங்காத ராத்திரிகள் உண்டு. தனியாக மனு போடுகிறவன் வீட்டில் ஒவ்வொரு முறை கதவு தட்டும்போதும் பயம் இருக்கிறது. என் வீட்டுக்காரிக்கு இன்னும் இருக்கிறது.

தம்பி, உங்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். வாய்க்கால் தூர்வாராமலே தூர்வாரியதாகப் பில் போட்டதற்கு மனு கொடுக்க யூனியன் ஆபீசுக்கு என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தது நீங்கள்தான். அன்றைக்கு உங்கள் கட்சி எதிர்க்கட்சி. என்னைவிடச் சத்தமாகப் பேசினீர்கள். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு ஆளுவது உங்கள் கட்சி. ரோடு விஷயத்தில் இதுவரை ஒரு வார்த்தை நீங்கள் பேசவில்லை.

கட்சியை விட்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை, கரைவேட்டியோடே வாருங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்த எம்.புக் நகலை வாசிக்கப் போகிறேன். கொத்தனார் அண்ணன் டேப்போடு வருகிறார். ரோட்டை மறுபடி அளக்க வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுவோம். என் பெயருக்குக் கீழே முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். கூட்டம் காலை 11 மணிக்கு.