மெக்கானிக்குக்கு எதுக்கு ரைஃபிள்?

ராணுவத்துல மெக்கானிக் மாதிரி தொழில்நுட்ப ஆளுங்களுக்கும் போர்ப் பயிற்சி வேணுமான்னு நேத்து ராத்திரி டிவியில நடந்த விவாதத்தைப் பார்த்தவங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு புரியும். "மெக்கானிக்குக்கு எதுக்குங்க ரைஃபிள்? கையில ஸ்பானர் இருந்தா போதாதா?"ன்னு ஒருத்தர் கேட்க, பக்கத்துல இருந்தவர் சிரிக்க, நெறியாளரும் கூடச் சிரிச்சார். ராணுவ மெக்கானிக்கா ஸ்பானர், ரைஃபிள் ரெண்டையும் சேர்த்துத் தூக்கினவன் நான். எனக்குச் சிரிப்பு வரல.

சிப்பாய் முதல்ல, தொழில் அப்புறம். இவ்வளவுதான் என் கட்சி. எதிரி சுடறதுக்கு முன்னாடி "தம்பி, நீ காலாட்படையா, சமையலா?"ன்னு விசாரிச்சிட்டா சுடப்போறான்?

2003 மார்ச் 23, இராக்ல நசிரியா. அமெரிக்க ராணுவத்தோட 507ஆவது பராமரிப்பு கம்பெனி, அதாவது பழுதுபார்க்கிற படைப்பிரிவு. 18 வண்டி, 33 பேர். கான்வாய் வழி தவறி நேரா ஊருக்குள்ள போயிடுச்சு. 11 பேர் செத்தாங்க, 7 பேர் பிடிபட்டாங்க. சண்டை நடுவுல பலரோட துப்பாக்கி சிக்கிக்கிச்சு. பாலைவனத்துக்கு ஏத்த மாதிரி சுத்தம் பண்ணி வைக்காதது காரணமா இருக்கலாம்னு அவங்க ராணுவ அறிக்கையே சொல்லுது. பராமரிப்பு கம்பெனிங்க அது! ஊர் வண்டியெல்லாம் பார்த்தாங்க, தன் துப்பாக்கியைப் பார்க்க நேரமில்ல. அதுக்குப் பிறகுதான் எந்தப் பிரிவா இருந்தாலும் அடிப்படைப் போர்ப் பயிற்சி கட்டாயம்னு அங்க இறுக்கினாங்க.

வழி தவறுறதைப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒரு ராத்திரிப் பயிற்சியில காம்பஸை எங்கிட்ட கொடுத்தாங்க. நல்லா சாவகாசமா லாரி பானெட் மேல வெச்சுத் திசை பார்த்தேன். இரும்பு பக்கத்துல இருந்தா முள் இழுக்கும்னு தெரியாதா? தெரியும். பாடத்துல படிச்சது. ஆனா கை பழகல. மூணு வண்டி என் பின்னாடி ஒரு சேத்துல வந்து இறங்குச்சு. பயிற்சிங்கறதால திட்டோட போச்சு.

"ஒரு ரேடார் டெக்னீஷியனை உருவாக்க எவ்வளவு காலம் ஆகுது, அவனைக் காட்டுல ஓட விடணுமா?"ன்னு வருவாங்க. நியாயம்தான். கொஞ்ச நாள் பட்டறைப் பக்கம் போகலைன்னா என் காதுக்கே இன்ஜின் சத்தம் பிடிபடாது. அதுக்காக? கமாண்டோ ஆக்குன்னா கேட்டேன்? துப்பாக்கியைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டணும், இருட்டுல திசை தெரியணும், ரத்தம் பீறிட்டா இறுக்கிக் கட்டத் தெரியணும், ரேடியோவுல தான் நிக்கிற இடத்தைத் தப்பில்லாம சொல்லணும். இதையும் கத்துக்கிட்டா விட்டுடாம மறுபடி மறுபடி செய்யணும். இதுக்கு நேரமில்லன்னா அணிவகுப்புக்குப் பூட்ஸ் பாலிஷ் போட மட்டும் எங்கிருந்து நேரம் வந்துச்சு?

"ரேஞ்சுக்கு, அதான் துப்பாக்கி சுடற திடலுக்கு, எல்லாரும்தானே போறாங்க"ன்னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்லவே எனக்குப் பிடிக்கல. காலாட்படைக்காரன் எங்களை "ஸ்பானர் பார்ட்டி"ன்னு கூப்பிடுவான். சரி, கேலி. வண்டி நின்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பறதும் அவன்தான். ஆனா எங்க ஆளுங்களே எங்களைப் பாதி சிப்பாயா வெச்சிருந்தாங்களே, அதை எங்க போய்ச் சொல்ல? ரேஞ்ச் நாள் வந்தா "இந்த வண்டி இன்னிக்குப் போயே ஆகணும், நீ இரு"ம்பாங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை இல்ல.

ஒரு வருஷம் பூரா நான் ரேஞ்ச் பக்கமே போகல. ரெஜிஸ்டர்ல எல்லாப் பயிற்சியும் முடிச்சதா இருக்கு. அந்தத் தேதியில நான் கியர்பாக்ஸுக்கு அடியில மல்லாந்து படுத்திருந்தேன். சாயங்காலம் ரெஜிஸ்டர் அங்கேயே வந்துச்சு. கிரீஸ் கையோட கையெழுத்துப் போட்டது நான்தான்.