வாகனத்துக்குள் எத்தனை பேர் என்றும் பாருங்கள்

கொழும்பின் போக்குவரத்து நெரிசல் பற்றி வந்த கட்டுரையில், அதைக் குறைக்க நகருக்குள் வரும் வாகனங்களிடம் நெரிசல் கட்டணம் அறவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். சரி, யோசனை பிழையில்லை. சிங்கப்பூர் 1975 இலேயே தொடங்கிவிட்டது, லண்டன் 2003 இல். ஸ்டொக்ஹோமில் 2006 இல் சில மாதங்கள் நடத்திக் காட்டி, வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்ததைச் சனம் கண்ணால் கண்ட பிறகுதான் வாக்கெடுப்பே வைத்தார்கள்.

ஆனால் வன்னியில் இருந்து பார்த்தால் கணக்கு வேறு. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் காலை கிளினிக் என்றால், கிளிநொச்சியிலிருந்து இரவே வான் பிடிக்க வேண்டும். பின் சீற்றில் நோயாளியைச் சாய்த்து, காலடியில் தலையணையும் சுடுதண்ணிப் போத்தலும் சோற்றுப் பார்சலுமாக ஏ9 வீதி வழியே ஓடி, விடியத்தான் நகருக்குள் நுழைவார்கள். கட்டணம் வந்தால் வான்காரர் கையிலிருந்தா கட்டுவார்? வாடகையோடு சேர்த்துவிடுவார். தனியாளாகக் காரில் வருபவருக்கும் பத்துப் பேர் நெருக்கியடித்து வரும் வானுக்கும் ஒரே காசு என்றால் அது என்ன நியாயம்?

சிங்கப்பூரில் ஆரம்பத்தில் நாலு பேரோடு வந்த கார்களுக்குக் கட்டணமே இல்லை. லண்டனில் பஸ்ஸில் போக முடியாத நோயாளிகள் கட்டிய காசைத் திரும்பப் பெற வழி உண்டு. வசூலையும் அங்கே சட்டப்படி போக்குவரத்துக்கே செலவழிக்க வேண்டும். இங்கே அந்தக் காசு எந்தப் பெட்டிக்குள் போகும் என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. அந்தக் காசில் யாழ்ப்பாண ரயிலுக்கு இன்னும் இரண்டு பெட்டி கொழுவுவார்களா?

எங்கள் வவுனியா பஜார் வீதிக்கு இந்தக் கட்டணமெல்லாம் வேண்டாம். பட்டப்பகலில் லொறியை நிறுத்திச் சாமான் இறக்குவதை அதிகாலைக்கு மாற்றினாலே பாதி நெரிசல் போய்விடும்.